நூறுன்னா எந்த நூறு, பாஸ்?

ஏப்ரல் பிறந்தா போதும். டி.வி-யில ஓடுற செய்தி வரியில நம்ம ஊர்ப் பேர் வருதான்னு பார்த்துக்கிட்டே இருக்க ஒரு கூட்டம் உண்டு. 'வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி, ஈரோடு, மதுரையில் வெயில் சதம்!' கிரிக்கெட்ல சதம் அடிச்சா பேட்டைத் தூக்கிக் காட்டுவாங்க. வெயில் சதம் அடிச்சா நாம குடையைத் தூக்குறோம்!

சரி, ஒரு சின்னக் கேள்வி. நூறுன்னா எந்த நூறு?

ஸ்கூல்ல நமக்குச் சொல்லிக்கொடுத்தது செல்சியஸ். அதுல நூறுன்னா தண்ணி கொதிக்கும். வேலூர் மக்கள் இன்னும் வேகாம நடமாடிக்கிட்டு இருக்காங்கன்னா, டி.வி. சொல்றது ஃபாரன்ஹீட் நூறு. செல்சியஸ்ல அது வெறும் 37.8. வானிலை ஆய்வு மையம் அளக்கிறது, அறிவிக்கிறது எல்லாமே செல்சியஸ்லதான். எடை, அளவுக்கான மெட்ரிக் சட்டம் இந்தியாவுக்கு 1956-லயே வந்தாச்சு. ஆனா, 'வேலூரில் 37.8 டிகிரி'ன்னு தலைப்புப் போட்டா யார் படிப்பா? அதனால நம்ம பத்திரிகைக்காரங்க மெனக்கெட்டு ஃபாரன்ஹீட்டுக்கு மாத்தி, சதம் அடிக்க வைக்கிறாங்க. கெத்து முக்கியம் பாஸ்!

உங்க வீட்டையே பாருங்க. காய்ச்சல் வந்தா அம்மா தெர்மாமீட்டரை உதறிட்டு, 'நூத்திரண்டு இருக்குடா'ம்பாங்க. அது ஃபாரன்ஹீட். அதே வீட்ல அப்பா ஏ.சி. ரிமோட்டை எடுத்து இருபத்துநாலுல வைப்பார். அது செல்சியஸ். ஒரே கூரைக்குக் கீழே ரெண்டு விஞ்ஞானிகள் தனிக்குடித்தனம் நடத்துறாங்க.

ஃபாரன்ஹீட் 1686-ல பிறந்தவர். தெர்மாமீட்டர் செய்றதுதான் அவருக்குத் தொழில். பனிக்கட்டியும் உப்பும் கலந்த கலவையின் குளிரைப் பூஜ்யம்னு வெச்சுக்கிட்டு, 1724-ல தன் அளவை வெளியிட்டார். மனுஷ உடம்புக்கு அவர் முதல்ல கொடுத்த எண் 96. பின்னாடி அளவைத் திருத்தினப்ப அது 98.6 ஆச்சு. ஸ்வீடன்காரர் செல்சியஸ் கதை இன்னும் ஜோர். 1742-ல அவர் போட்ட கணக்குல தண்ணி கொதிக்கிறது 0, உறையறது 100. அதாவது தலைகீழ்! அவர் இறந்த பிறகுதான் அதை நிமிர்த்தி வெச்சாங்க. அப்படியே விட்டிருந்தா, வெயில் ஏற ஏற வேலூரோட நம்பர் இறங்கியிருக்கும். நம்ம நியூஸ் ரீடர்கள் பாடு திண்டாட்டம்தான்.

ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்த கால்குலேட்டர் வேண்டாம். செல்சியஸை ரெட்டிப்பாக்குங்க. அதுல பத்துல ஒரு பங்கைக் கழிங்க. 32 கூட்டுங்க. 40 டிகிரியா? 80, அதுல 8 போனா 72, கூட 32... 104. முடிஞ்சது. திருப்பி வரணும்னா 32 கழிச்சு, பாதியாக்கி, அந்தப் பாதியோட பத்துல ஒரு பங்கைச் சேர்த்துக்குங்க. 110-க்கு 42.9 வரும். சரியான விடை 43.3. பஸ் ஸ்டாண்டு அரட்டைக்கு இது போதும்!

ஒரே ஒரு இடத்துல மட்டும் உஷார். 'நேத்தைவிட வெயில் 5 டிகிரி கூடிருச்சு'ன்னு செல்சியஸ்ல சொன்னா, ஃபாரன்ஹீட்ல அது 9 டிகிரி. அங்கே 32-ஐக் கூட்டி 41-ன்னு சொன்னீங்கன்னா, ஒரே ராத்திரியில ஊரையே கொளுத்திடுவீங்க. வித்தியாசத்துக்கு 1.8 மட்டும்தான். 32-க்கு அங்கே வேலையே இல்லை.

கணக்கு ஓ.கே. ஆனா அந்த நம்பர் எதோட சூடு? நம்ம காலைச் சுடுறதும் அதே நம்பர்தானா? இதைப் பார்த்துட்டு வர்றதுக்காகத்தான் கத்திரி வெயில் உச்சத்துல இருந்த ஒரு சனிக்கிழமை, ரூம்மேட்டைக் கூட்டிக்கிட்டு வேலூருக்கு ரயில் ஏறினேன். கையில, லேப் அண்ணன்கிட்ட கெஞ்சி வாங்கின அகச்சிவப்பு தெர்மாமீட்டர். அதாங்க, கொரோனா காலத்துல மால் வாசல்ல நெத்திக்கு நேரா நீட்டினாங்களே, அந்தத் துப்பாக்கியோட அண்ணன். இது 300 டிகிரி வரைக்கும் அளக்கும். தொட வேண்டியதில்லை, குறி வெச்சு அமுக்கினாப் போதும்.

சென்னையில இருந்து சுமார் 130 கிலோமீட்டர், காட்பாடி ஜங்ஷன். அங்கே இறங்கி டவுன் பஸ் பிடிச்சா நடுவுல பாலாறு. ஆறுன்னு போர்டு பார்த்துதான் தெரிஞ்சுக்கணும், அந்த அளவுக்கு மணல். சுத்திலும் பாறை மலைகள். 'மரம் இல்லாத மலை, தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்'னு இந்த ஊரைப் பத்தி ஒரு பழைய கிண்டல் உண்டு. சாமி மட்டும் 1981-ல திரும்பி வந்துட்டார். மத்த மூணும் அப்படியேதான்.

வேலூர் ஏன் இப்படிக் காயுது? சென்னையில மத்தியானம் ஆனா கடல் காத்து வந்து ஆத்திட்டுப் போகும். வேலூருக்கு அது வந்து சேர்றதுக்குள்ள பொழுது சாய்ஞ்சிடும், பல நாள் வந்தே சேராது. மேற்கே இருந்து வர்றது நிலத்து மேலயே தவழ்ந்து வர்ற வறண்ட காத்து. போதாக்குறைக்கு, வாங்கின சூட்டை வெச்சுக்கிட்டுத் திருப்பிக் கொடுக்கிற பாறைகள். ஆனா ஒண்ணு சொல்லணும். சென்னையில 36-க்கே நசநசன்னு சட்டை ஒட்டும். இங்கே 40-ல வியர்வை வந்த வேகத்துல காஞ்சு போயிடுது. எது தேவலாம்னு கேட்டா, ரெண்டு நாள் யோசிச்சுத்தான் பதில் சொல்வேன்.

நம்ம நம்பர் எங்கே எடுக்கிறாங்கன்னு பார்ப்போம். வானிலை நிலையங்கள்ல கால் முளைச்ச ஒரு வெள்ளைப் பெட்டி நிக்கும். நாலு பக்கமும் ஜன்னல் மாதிரி சாய்வுப் பலகைகள். காத்து உள்ளே போகும், வெயில் போகாது. ஸ்டீவன்சன் பெட்டின்னு பேர். வடிவமைச்ச தாமஸ் ஸ்டீவன்சன், கலங்கரை விளக்கம் கட்டின இன்ஜினீயர். 'ட்ரெஷர் ஐலண்ட்' நாவல் எழுதினாரே ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன், அவரோட அப்பா. அந்தப் பெட்டிக்குள்ள, தரையில இருந்து கிட்டத்தட்ட ஒரு ஆள் உயரத்துல, நிழல்ல இருக்கிற காத்தோட சூடுதான் நீங்க டி.வி-யில பார்க்கிற சதம். சமவெளியில அது 40 செல்சியஸைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடுதலா இருந்தா, 'வெப்ப அலை'.

புரியுதா? நிழல்... காத்து... ஆள் உயரம். நீங்க வெயில்ல நின்னா அந்த நம்பர் உங்களோடது இல்லை. உங்க காலுக்கடியில இருக்கிற கல்லோடதும் இல்லை.

பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரேயே கோட்டை. 133 ஏக்கர், சுத்தி அகழி, 16-ம் நூற்றாண்டுல கட்டின கருங்கல் மதில். 1806 ஜூலை 10-ம் தேதி சிப்பாய்கள் புரட்சி வெடிச்ச இடம். உள்ளேயே கோயில், மசூதி, சர்ச் மூணும் உண்டு. காதல் ஜோடிகளும் உண்டு, அது நம்ம சப்ஜெக்ட் இல்லை!

மணி பதினொண்ணரை. நிழல் காலுக்கடியில ஒளிஞ்சுக்கிச்சு. துப்பாக்கியை எடுத்தோம். வேப்பமர நிழல்ல இருந்த கல் 36. நாலு அடி தள்ளி வெயில்ல இருந்த அதே கல், அதே உயரம், 55! ஃபாரன்ஹீட்ல 131. டி.வி. சதம் அடிச்ச நேரத்துல கோட்டைக் கல் சதத்தைத் தாண்டி வெளுத்துக்கிட்டு இருக்கு. புல்தரை மட்டும் நாப்பதை ஒட்டியே நின்னுச்சு. புல் தன்கிட்ட இருக்கிற தண்ணியை ஆவியாக்கித் தானே தன்னைக் குளிர வெச்சுக்குது. நம்ம வியர்வை டெக்னிக்தான்.

வெளியே நிறுத்தியிருந்த பைக்குல கறுப்பு ரெக்ஸின் சீட் 62. பெட்ரோல் டேங்க் 57. இப்போ ஒரு போட்டி. ரூம்மேட் கையை ரெண்டு மேலயும் வெச்சுப் பார்த்தான். சீட்ல, 'ஸ்ஸ்... பரவால்ல'ன்னான். டேங்க்ல வெச்ச கை வெச்ச வேகத்துல திரும்பிருச்சு. நம்பர் குறைச்சலா இருக்கிறதுதான் அதிகமா சுடுது! இதென்ன நியாயம்?

இங்கேதான் நம்ம கை ஒரு உண்மையைச் சொல்லுது. கை, பொருளோட சூட்டை அளக்கிறது இல்லை. தோலும் பொருளும் தொட்டுக்கிட்ட இடத்துல ரெண்டுக்கும் நடுவுல ஒரு பேரம் நடக்குது. நம்ம தோல் 33-ல இருக்கு. கல் 55-ல இருக்கு. ரெண்டும் ஒரு விலைக்குப் படியணும். யாருக்குப் பிடிவாதம் ஜாஸ்தியோ, பேரம் அவங்க விலைக்குப் பக்கத்துல முடியும். இந்தப் பிடிவாதத்துக்கு இன்ஜினீயரிங் புக்குல 'தெர்மல் எஃப்யூசிவிட்டி'ன்னு பேர். சூட்டைக் கடத்துற வேகம், அடர்த்தி, சூட்டைத் தாங்கி வெச்சுக்கிற கொள்ளளவு, மூணையும் பெருக்கி ஸ்கொயர் ரூட் எடுத்தா வரும். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல அரியர் வெச்சிருக்கிற ரூம்மேட், மரத்தடியில உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினான். (பரீட்சையில போட்டிருக்கலாம்!)

மரம், கருங்கல், இரும்பு மூணுமே 55-ல இருக்குன்னு வெச்சுக்குங்க. மரத்தைத் தொட்டா, தொட்ட இடம் 39-க்குப் பக்கத்துல படியும். கருங்கல்லுல கிட்டத்தட்ட 48. இரும்புல 53. தெர்மாமீட்டருக்கு மூணும் ஒண்ணு. தோலுக்கு மூணும் மூணு ஊர். மரத்துல நிறைய காத்து அடைஞ்சு கிடக்கு. அது சூட்டை விடாம இழுத்து இழுத்துக் கொடுக்குது. இரும்பு கேட்டவுடனே அள்ளிக் கொடுக்குது. தோசைக் கரண்டிக்கு மரப்பிடி போட்ட ஆசாரிக்கு இந்த ஃபார்முலா தெரியாது, விஷயம் தெரியும். மார்கழிக் காலையில இதே கதை திரும்பி நடக்கும். எவர்சில்வர் டம்ளர் ஜில்லுன்னு குத்தும், பக்கத்துல இருக்கிற மர ஸ்டூல் சாதாரணமா இருக்கும். ரெண்டும் ஒரே ரூம்ல ராத்திரி பூரா தூங்கினதுங்கதான்!

கை ஏமாத்துதுன்னு துப்பாக்கியைக் கும்பிடவும் வேண்டாம். அதுவும் ஏமாறும். கோட்டை வாசல் ஜூஸ் கடையில வெயில்ல கவுத்து வெச்சிருந்த எவர்சில்வர் குடத்துக்குக் குறி வெச்சோம். 38-ன்னு காட்டுச்சு. தொட்டா கை பத்திக்குது! பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கதிரா வெளியே விடுறது ரொம்பக் கம்மி. அதுக்குப் பதிலா, கண்ணாடி மாதிரி சுத்தி இருக்கிறதோட கதிரைப் பிரதிபலிக்குது. துப்பாக்கி அதைப் படிச்சுட்டு வந்து சொல்லுது. மருந்து ரொம்ப சிம்பிள். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, ரெண்டு நிமிஷம் விட்டு, டேப்புக்குக் குறி வெச்சா 54. கடைக்காரர் எங்களையே பார்த்துக்கிட்டு இருந்தவர், "இன்னா தம்பி, குடத்துக்குக் காய்ச்சலா?"ன்னார்.

அப்புறம் ஜலகண்டேஸ்வரர் கோயில். செருப்பைக் கழட்டி விட்டுட்டு கோபுரத்தைத் தாண்டினா இடது பக்கம் கல்யாண மண்டபம். தூண்ல யாளியும் குதிரையும் அப்படியே பாயுது. நிழல்ல நின்னு ஒரு மணி நேரம் பார்க்கலாம். பிரச்னை, நிழல்ல இருந்து அடுத்த நிழலுக்குப் போற அந்த இருபது அடிதான். திறந்த வெளிக் கல் தரை. நடுவுல தேங்காய் நார் விரிப்பு. விரிப்பு மேலயே போனா தப்பிச்சீங்க, விலகினா பரதநாட்டியம்! ஒரு அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு ஓடினாங்க. ஒரு குட்டிப் பொண்ணு அப்பா கால் மேல கால் வெச்சு நடந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் ஆடினதை யாரும் வீடியோ எடுக்கலைங்கிறது ஆறுதல்.

நார் விரிப்பும் வெயில்லதான் கிடக்கு, ஆனா சுடலை. மரத்துக்குச் சொன்ன அதே காரணம், உள்ளே காத்து. பல கோயில்கள்ல நடைபாதைக்கு வெள்ளை பெயின்ட் அடிச்சிருப்பாங்களே, அது வேற டெக்னிக். வெயிலை வாங்காமயே திருப்பி அனுப்புறது.

இந்த ஆட்டத்துக்கு நடுவுல ஒருத்தர் மட்டும் ஆடாம நின்னார். எழுபது வயசு இருக்கும். விரிப்புக்கு வெளியே, கல் மேல, கைகூப்பி, கோபுரத்தைப் பார்த்துக்கிட்டு. ஒரு நிமிஷம்... ரெண்டு நிமிஷம்... அசையலை. ரூம்மேட் துப்பாக்கியை அவர் கால் பக்கத்துக் கல்லுக்குத் திருப்பினான். 54.

"தாத்தா, கால் சுடலையா?"

"எனக்கு ஒண்ணும் சுடல தம்பி. கழனியில நடந்த காலு. பழகிப்போச்சு."

மண்டபத்துல இருந்து ஒரு அக்கா ஓடி வந்து அவர் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. "நைனா, எத்தினி வாட்டி சொல்றது, பாய் மேல நில்லுன்னு! போன வருஷம் கொப்புளம் வந்து ரெண்டு மாசம் கட்டுப் போட்டியே, மறந்துட்டியா?" எங்க பக்கம் திரும்பி, "இருவது வருஷமா சுகர் தம்பி. முள்ளு குத்தினாலும் தெரியாது, ரத்தம் வந்தாத்தான் தெரியும்"னாங்க.

நிழல்ல உட்கார வெச்சு அவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாங்க. சிவந்திருந்தது. கொப்புளம் இல்லை. அவரோ, "பாரு, ஒண்ணும் இல்ல, சும்மா பயப்படுறா"ன்னு எங்களைப் பார்த்துச் சிரிச்சார்.

அவர் சொன்னதுல பாதி நிஜம். செருப்பில்லாம நடந்து தடிச்ச பாதம் சூட்டை மெதுவாத்தான் உள்ளே விடும். தீமிதியில பூங்கரகம் தூக்கிட்டு நடக்கிறவங்களுக்கும் இது கொஞ்சம் துணை. பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். கரித்தணலும் சாம்பலும் மரம் மாதிரி பிடிவாதம் குறைஞ்ச ஜாதி, கால் படுற நேரமும் கம்மி. நின்னா கதை மாறிடும். தாத்தா நின்னார்.

மீதிப் பாதி நரம்போட விஷயம். நம்ம தோலுக்கு அடியில சூட்டைக் காவல் காக்கிற ஒரு புரதக் கதவு இருக்கு. பேர் டி.ஆர்.பி.வி.1. தோல் சுமார் 43 டிகிரியைத் தொட்டா அது திறக்கும், மூளைக்குத் தந்தி போகும். மூளை யோசிக்கிறதுக்கு முன்னாடியே தண்டுவடம் காலைத் தூக்கிடும். வேடிக்கை என்னன்னா, மிளகாயில இருக்கிற கேப்சைசினும் அதே கதவைத்தான் திறக்குது. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் குழு 1997-ல இதைக் கண்டுபிடிச்சாங்க. 2021-ல அவருக்கும் ஆர்டெம் படபூடியனுக்கும் மருத்துவ நோபல். நமக்கு இது புதுசா என்ன? ஆந்திரா மெஸ் சட்னி சாப்பிட்டாலும் 'எரியுது'ங்கிறோம், கோயில் கல்லுல கால் வெச்சாலும் 'எரியுது'ங்கிறோம். ஒரே கதவு, ஒரே சொல்!

பல வருஷ சுகர், பாதத்து நரம்பு நுனிகளை ஒண்ணொண்ணா அணைச்சுடும். தந்தி போகாது. ஆனா தோல் வேகறது நிக்காது. 1947-ல ஹார்வர்டுல மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ்னு ரெண்டு பேர் இதை அளந்தாங்க. தோல் 44 டிகிரியில இருந்தா வெந்து புண்ணாக ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். 49-ல சுமார் 10 நிமிஷம். 60-ல 5 விநாடி. நாலஞ்சு டிகிரி ஏறினா மணி, நிமிஷமா சுருங்குது. நமக்கு 43-லயே அலாரம் அடிச்சிடுறதால அந்தக் கணக்கு எப்பவும் தேவைப்படலை. தாத்தாவுக்கு அலாரம் இல்லை. அவருக்குத்தான் நம்பர் வேணும். டி.வி-யில வர்ற நம்பர் இல்லை, கல்லோட நம்பர்.

லாங் பஜார்ல ஒரு தள்ளுவண்டியில தோசை. கத்திரி வெயில்ல இலவம்பாடி முள் கத்தரிக்காய் சாம்பாரோட! (இந்தக் கத்தரிக்காய்க்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு.) அந்த அக்கா தோசைக்கல் மேல தண்ணியைத் தெளிச்சாங்க. துளி ஒட்டி சுர்ருன்னா இன்னும் காயணும். முத்து மாதிரி உருண்டு ஓடினா அதிகம் காஞ்சிருச்சு, அடுப்பைக் குறைக்கணும். துளிக்கு அடியில நீராவி மெத்தை விரிஞ்சாத்தான் அப்படி ஓடும். 1756-ல லைடன்ஃப்ராஸ்ட்ங்கிற ஜெர்மன் டாக்டர் இதை எழுதி வெச்சார். துப்பாக்கியை நீட்டினதுக்கு அக்கா முறைச்சாங்க. "தண்ணி சொல்லிடும், நீ சாப்புடு."

சாயங்காலம் சி.எம்.சி. பக்கம் நடந்தோம். ஐடா ஸ்கடர் 1900-ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி. ஊரே அதைச் சுத்தித்தான் மூச்சு விடுது. லாட்ஜ், மருந்துக் கடை, பெங்காலி சாப்பாட்டுக் கடை, நாலு மொழி போர்டு. எனக்கு இங்கே தேடி வர ஒரு காரணம் இருந்துச்சு. வலின்னா என்னன்னு உலகத்துக்கு ஒரு பாடம் இந்தத் தெருவுல இருந்து போயிருக்கு.

பால் பிராண்ட். 1914-ல நம்ம கொல்லிமலையில பிறந்த ஆங்கிலேயர். மிஷனரி பெற்றோர். லண்டன்ல எலும்பு சர்ஜனாகி 1946-ல வேலூருக்கு வந்தார். அப்போ எல்லாரும் தொழுநோய் விரலை அழுகடிச்சு உதிர்க்குதுன்னு நம்பினாங்க. பிராண்ட் உட்கார்ந்து கவனிச்சார். நோயாளிங்க அடுப்புல இருந்து கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையில இறக்குறாங்க. கையில இருக்கிற புண்ணோடயே மண்வெட்டி பிடிக்கிறாங்க. வலிக்கவே இல்லை. நோய் நரம்பை மட்டும்தான் மரத்துப்போக வைக்குது, விரலைச் சிதைக்கிறது தெரியாம பட்ட காயமும் சூடும்தான்னு அவர் காட்டினார். மடங்கிப்போன விரல்களை தசைநாண் மாத்தி வெச்சு நிமிர்த்துற ஆபரேஷனும் இங்கே செஞ்சார்.

1960-கள்ல அமெரிக்கா போனவர், உணர்ச்சி இல்லாத கைக்கு செயற்கை வலி செய்யப் பார்த்தார். கையுறையில சென்சார். அழுத்தமோ சூடோ எல்லை மீறினா காதுல சத்தம். நோயாளிங்க சத்தத்தைக் கண்டுக்கலை. விளக்கு எரிஞ்சது, அதையும் கண்டுக்கலை. கடைசியா அக்குள்ல சின்னதா எலெக்ட்ரிக் ஷாக் வெச்சாங்க. வேலையை முடிக்கணுமேன்னு சுவிட்சை அணைச்சிட்டு வேலை பார்த்தாங்களாம்! பிராண்ட் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். துப்பாக்கியைக் கையில வெச்சுக்கிட்டு இதை நினைச்சா கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு. 54-ன்னு நாங்க காட்டினப்பவும் தாத்தா சிரிச்சுக்கிட்டேதானே இருந்தார்?

பிராண்ட் குழு இந்த ஊர்ல விட்டுட்டுப் போன இன்னொரு சமாச்சாரம், எம்.சி.ஆர். செருப்பு. ஆஸ்பத்திரிக்கு எதிர்ல இருக்கிற கடைகள்ல தொங்குது. மைக்ரோசெல்லுலார் ரப்பர், உள்ளே எண்ணிக்கையில்லாத சின்னச் சின்னக் காத்துக் குமிழி. பாதத்துல ஒரே இடத்துல எடை விழாம பரப்பிக் கொடுக்கத்தான் அதைச் செஞ்சாங்க. ஆனா நம்ம மரம், நார் விரிப்புக் கதைப்படி பார்த்தா கல் சூட்டையும் அது சட்டுன்னு மேலே விடாது. தொழுநோயாளிகளுக்காக வந்த செருப்பை இன்னிக்கு அதிகம் வாங்குறது சுகர்காரங்கன்னு கடைக்காரர் சொன்னார். "கோயிலுக்குள்ள மட்டும் எதையும் போட முடியாதே தம்பி, அதான் தொல்லை. காலையில ஆறு மணிக்குப் போயிட்டு வந்திருங்கன்னு சொல்லித்தான் விப்பேன்."

உங்க வீட்லயும் சுகர் தாத்தாவோ பாட்டியோ இருந்தா ரெண்டு விஷயம் இப்பவே செய்யலாம். 'சுடுதா'ன்னு அவங்ககிட்ட கேட்காதீங்க. உங்க புறங்கையை கல் மேல அஞ்சு விநாடி வெச்சுப் பாருங்க, வெக்க முடியலைன்னா அவங்க கால் அங்கே வேண்டாம். குளிக்கிற வெந்நீரை அவங்க காலால பார்க்க விடாதீங்க, முழங்கையால பார்க்கச் சொல்லுங்க. நரம்பு பாதத்துல இருந்துதான் அணைய ஆரம்பிக்கும், முழங்கை கடைசி வரைக்கும் பெரும்பாலும் விசுவாசமா இருக்கும். டாக்டர்கிட்ட போனா ஒரு நைலான் நூலை வெச்சு உள்ளங்கால்ல பத்து கிராம் அழுத்தத்துல தொட்டுப் பார்ப்பாங்க. தொட்டது தெரியலைன்னா காவல்காரன் தூங்கிட்டான்னு அர்த்தம். ரெண்டு நிமிஷ வேலை.

திரும்புறதுக்கு முன்னாடி மறுபடி கோட்டைக்குப் போனோம். ராத்திரி ஏழேகால். காத்து லேசா வீச ஆரம்பிச்சிருந்தது. பசங்க புல்லுல கிரிக்கெட் பந்தைத் தேடிக்கிட்டு இருந்தாங்க. மதில் ஓரமா ஒரு வயசான தம்பதி, கல்லுல முதுகைச் சாய்ச்சுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாங்க. துப்பாக்கி 39-ன்னுச்சு. பகல் பூரா வாங்கினதை கருங்கல் பொறுமையா திருப்பிக் கொடுத்துக்கிட்டு இருக்கு.

"சூடா இல்லையா பாட்டி?"

பாட்டி இன்னும் கொஞ்சம் நல்லா சாய்ஞ்சுக்கிட்டாங்க. "நல்லா கீது கண்ணு. இடுப்பு வலிக்கு டெய்லி இங்க வந்துதான் ஒத்தடம்!"